வண்டி ஓடாத தீவு! கச்சத்தீவில் ஒரு நாள். கடலில் தீராத வழக்கு

ஆரணியில் விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டுவார்கள். இந்தக் கோடியில் ஒருவர் நிற்பார். அந்தக் கோடியில் ஒருவர் நிற்பார். நடுவே பட்டு நூல். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. வண்டிக்காரர் தாமாகவே வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

பாவைச் சுருட்டி எடுத்ததும் அந்த அமைதி போய்விடும். ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் வந்துவிடும்.

ஆண்டு முழுவதும் வண்டிச் சத்தமே கேட்காத இடம் ஒன்று உண்டு. அங்கே கார் இல்லை. பஸ் இல்லை. கார் போவதற்கு ரோடும் இல்லை. அதுதான் கச்சத்தீவு!

பூகோளப் படத்தை எடுத்து, ஆரணியில் பென்சிலை வைத்து, நேர் தெற்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு ஏறக்குறைய ராமேசுவரத்தில் போய் முடியும். சாலை வழியாகப் போனால் 400 கிலோ மீட்டருக்கு மேல். அங்கிருந்து விசைப்படகில் ஏறினால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடலில் பிரயாணம். கச்சத்தீவு வந்துவிடும்.

இந்தத் தீவின் பெயரைக் கேட்காத தமிழர் இல்லை. தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை இந்தப் பெயர் ஒலிக்கிறது. மீனவர் கைதானால் பத்திரிகையில் இந்தப் பெயர் வருகிறது.

ஆனால், அந்தத் தீவில் என்னதான் இருக்கிறது? அங்கே யார் போகலாம்? அது எப்படிக் கைமாறியது? அது திரும்பி வந்தால் மீனவர் துன்பம் தீர்ந்துவிடுமா?

பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தீவில் என்ன இருக்கிறது?

கச்சத்தீவு மிகவும் சிறியது. மொத்தப் பரப்பு 285 ஏக்கர். நீளம் சுமார் 1.6 கிலோ மீட்டர். வேகமாக நடப்பவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

தீவில் முட்புதர்கள் இருக்கின்றன. மணல் இருக்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. ஆகவே நிலையாகக் குடியிருக்கும் ஊரும் கிடையாது. வீடு இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை.

ஒரே ஒரு கோவில் இருக்கிறது. அது புனித அந்தோணியார் ஆலயம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீனவர்களுக்காக எழுந்த சிறிய ஆலயம் இது. கடலில் போகிறவர்களைக் காப்பவர் அந்தோணியார் என்பது மீனவர் நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் அவருக்கு நேர்ந்துகொள்கிறார்கள்.

பழைய ஆலயத்துக்குப் பக்கத்தில் இப்போது புதிய ஆலயம் ஒன்றும் இருக்கிறது. இலங்கைக் கடற்படையினர் அதைக் கட்டினார்கள். 2016 டிசம்பரில் அது திறக்கப்பட்டது.

பாஸ்போர்ட் வேண்டாம்!

தீவு இலங்கையின் கையில் இருக்கிறது. அப்படியானால் அங்கே போக பாஸ்போர்ட் வேண்டாமா? விசா வேண்டாமா?

வேண்டாம். இது பலருக்குத் தெரியாத செய்தி.

1974-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5-வது பிரிவு இதைச் சொல்கிறது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம். அதற்காக இலங்கையிடம் பயணப் பத்திரமோ விசாவோ பெறவேண்டியதில்லை என்பது அதன் கருத்து.

ஆனால், நினைத்த நாளில் படகை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், அந்தோணியார் திருவிழா நடக்கிறது. அதற்குத்தான் போகலாம். ராமேசுவரம் வேர்க்கோடு சூசையப்பர் ஆலயத்தின் பங்குத்தந்தை ஏற்பாடுகளைக் கவனிக்கிறார். போக விரும்புகிறவர்கள் அடையாளச் சான்று காட்டி முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து சில ஆயிரம் பேர் போய் வருகிறார்கள்.

ராமேசுவரத்துக்கு ரெயிலில் போகிறவர்கள் புதிய பாம்பன் பாலத்தைக் கடந்து போவார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக, கப்பல் வந்தால் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார வைக்கலாம். இரண்டு பக்கமும் கடல்!

ஒரு பகல், ஓர் இரவு

திருவிழாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் ராமேசுவரம் துறைமுகத்தில் கூட்டம் கூடிவிடும். அதிகாரிகள் பெயரையும் சான்றையும் சரிபார்ப்பார்கள். மூட்டை முடிச்சுகளைச் சோதிப்பார்கள். பிறகு படகுகள் வரிசையாகப் புறப்படும். மற்ற நாட்களில் மீன் பிடிக்கப் போகும் அதே விசைப்படகுகள்தான். அன்று மட்டும் அவற்றில் பாட்டிமார்களும் பேரக் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

கடலின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. அதுதான் சர்வதேசக் கடல் எல்லை. கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் அது செல்கிறது. அதுவரை இந்தியக் கடலோரக் காவல் படையின் காவல். அதற்கு அப்பால் இலங்கைக் கடற்படையின் காவல்.

மறுபுறம், யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் படகுகள் வரும். சிங்களக் குடும்பங்களும் வருவது உண்டு. யாழ்ப்பாணம் மறைமாவட்டம் விழாவை நடத்துகிறது. தமிழ்நாட்டுக் குருக்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

மாலையில் கொடியேற்றம். பிறகு சிலுவைப் பாதை. இரவில் அந்தோணியார் தேர் பவனி. வண்டியே இல்லாத தீவில் அன்று காணும் ஒரே தேர் அதுதான்!

இரவு எல்லாரும் திறந்த வெளியில், மணலில் படுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பாயில் ராமேசுவரத்து மூதாட்டி. அடுத்த பாயில் யாழ்ப்பாணத்து மூதாட்டி. இருவரும் பேசுவது ஒரே மொழி. இருவர் வீட்டிலும் ஒரே தொழில். இருவரும் வேண்டிக்கொள்வதும் ஒன்றுதான்: கடலுக்குப் போன பிள்ளை கரைக்கு வந்து சேர வேண்டும்.

அந்த நாளில் இந்தத் திருவிழா ஒரு சந்தையாகவும் இருந்தது. இங்கிருந்து துணிமணிகள் போகும். அங்கிருந்து சோப்பும் தேங்காய் எண்ணெயும் வரும். இப்போது வியாபாரப் பொருள்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை.

சனிக்கிழமை காலையில் திருப்பலி முடிந்ததும் படகுகள் திரும்பிவிடும். பகல் சாய்வதற்குள் தீவில் மறுபடியும் அமைதி. அடுத்த திருவிழாவரை அலைச் சத்தமும் பறவைச் சத்தமும்தான்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் பல ஆண்டுகள் இந்த விழா நடக்கவில்லை. 2009-ல் போர் முடிந்தது. 2010 முதல் தமிழ்நாட்டு யாத்ரீகர்கள் மீண்டும் போகத் தொடங்கினார்கள். 2024-ல் மறுபடியும் தடங்கல் வந்தது. கைதான விசைப்படகு ஓட்டிகளுக்கு இலங்கைக் கோர்ட்டு சிறைத் தண்டனை விதித்தது. அதைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர்கள் அந்த ஆண்டுத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள்.

கும்பிடப் போகும் படகே போகமாட்டேன் என்று நின்றுவிட்டது என்றால், சண்டை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

தீவு கைமாறிய கதை

கச்சத்தீவு ஒரு காலத்தில் ராமநாதபுரம் சேதுபதி ஜமீனைச் சேர்ந்ததாக இருந்தது. தமிழ்நாட்டின் உரிமைக் குரலுக்கு அடிப்படை இதுதான்.

இலங்கையும் நெடுங்காலமாக இந்தத் தீவுக்கு உரிமை கொண்டாடி வந்தது. 1921-ல், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், சென்னை மாகாண சர்க்காரும் இலங்கை சர்க்காரும் கடல் எல்லை பற்றிப் பேசியபோதே இந்தத் தகராறு எழுந்தது. இரண்டு நாடுகளும் சுதந்திரம் பெற்ற பிறகும் அது தீரவில்லை.

1974 ஜூன் மாதத்தில் பிரதமர் இந்திரா காந்தியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாக் நீரிணைப் பகுதியில் கடல் எல்லை வரையறுக்கப்பட்டது. கச்சத்தீவு எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் போயிற்று.

அப்போது தமிழ்நாட்டின் முதல்-அமைச்சராக இருந்தவர் கருணாநிதி. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே தமிழக சட்டசபை தன் வருத்தத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது.

1974 ஒப்பந்தத்தில் யாத்ரீகர்களுக்கும் மீனவர்களுக்கும் வந்து போகும் உரிமை இருந்தது. 1976-ல் இரு நாடுகளும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. அதில்தான் முக்கியமான முடிச்சு விழுந்தது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில், அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் முடிவாயிற்று.

அதே 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் எல்லை வரையப்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் திட்டு இந்தியாவின் உரிமைக்குள் வந்தது.

ஆக, தீவு போனது 1974-ல். மீன் பிடிப்பதற்குத் தடை வந்தது 1976-ல். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல பேச்சுக்கள் திசை மாறிப் போகின்றன.

வழக்கும் தீர்மானமும்

தீவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. 1991-ல் தமிழக சட்டசபை தீர்மானம் போட்டது. 2008-ல் ஜெயலலிதா சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். 2011-ல் அவர் முதல்-அமைச்சரான பிறகு, தமிழக வருவாய்த் துறையும் அந்த வழக்கில் சேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டின் வாதம் இது: நாட்டின் நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், அரசியல் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் திருத்தியாக வேண்டும், அப்படிச் செய்யாமல் கொடுத்தது செல்லாது.

மத்திய சர்க்காரின் பதில் வேறு: தீவு யாருக்கு என்பதே தகராறில் இருந்தது, எல்லை வரைந்து அந்தத் தகராறு தீர்க்கப்பட்டது, எனவே இந்திய நிலம் எதையும் தாரை வார்க்கவில்லை.

2025 ஏப்ரல் 2-ந் தேதி தமிழக சட்டசபை மறுபடியும் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்து தீவை மீட்க வேண்டும் என்று மத்திய சர்க்காரைக் கேட்டுக்கொண்டது. அடுத்த சில நாட்களில் பிரதமர் மோடி கொழும்பு சென்றார். மீனவர் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்று அங்கே வற்புறுத்தினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, இலங்கை ஜனாதிபதி அனுர குமார திசநாயக்கா கச்சத்தீவுக்கு நேரில் போய் இறங்கினார். தங்கள் கடலையும் நிலத்தையும் விட்டுக்கொடுக்கமாட்டோம் என்றார்.

இங்கே ஒரு தீர்மானம். அங்கே ஒரு சபதம். நடுவே மீனவர்!

மீன் எங்கே இருக்கிறது?

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில், பத்திரிகை படிக்கும் பேத்தி தாத்தாவைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏன் தாத்தா, கச்சத்தீவு நம்மகிட்ட வந்துட்டா, அப்புறம் மீனவங்களைப் பிடிக்கமாட்டாங்க இல்லே?”

“அவங்க எந்த இடத்துல பிடிபட்டாங்கன்னு போட்டிருக்கான்? அதைப் படிம்மா.”

“நெடுந்தீவு பக்கத்துலேன்னு போட்டிருக்கு தாத்தா.”

“அப்போ கச்சத்தீவு வந்தாலும், அந்த இடம் அவங்க பக்கம்தானேம்மா இருக்கும்?”

விஷயம் இதுதான். கைதுச் செய்திகளைத் தொடர்ந்து படித்தால் நெடுந்தீவு, தலைமன்னார், யாழ்ப்பாணக் கரை ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவையெல்லாம் கச்சத்தீவைத் தாண்டி உள்ளே இருக்கும் இடங்கள். தீவு திரும்பி வந்தால் எல்லைக்கோடு சில மைல் கிழக்கே தள்ளிப் போகலாம். அந்த அளவுக்கு நன்மைதான். ஆனால் படகுகள் தேடிப்போகும் இறால் அந்தக் கோட்டுக்கும் அப்பால் இருக்கிறது.

இந்தியப் பக்கத்து மீன் என்ன ஆயிற்று? ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

விடை, வலையில் இருக்கிறது.

அடியை வாரும் வலை

ஒரு காலத்தில் பாக் கடலில் நாட்டுப் படகுகள்தான் ஓடின. பாயும் துடுப்பும்தான் பலம். 1950-களில் நார்வே நாட்டின் உதவியோடு கேரளக் கரையில் விசைப்படகுகள் வரத் தொடங்கின. பிறகு தமிழ்நாட்டிலும் சர்க்காரே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகை வளர்த்தது. வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்கு நல்ல விலை. மீனவர் பலர் விசைப்படகுக்கு மாறினார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. சர்க்கார் காட்டிய வழியில்தான் போனார்கள்.

விசைப்படகில் கட்டி இழுப்பது இழுவை மடி. அது பை போன்ற பெரிய வலை. அதன் வாயை அகலமாகத் திறந்து வைக்க இரண்டு கனத்த பலகைகள் இருக்கும். அடியில் கனமான கயிறோ சங்கிலியோ இருக்கும். படகு போகப் போக, அது கடலின் அடியை வாரிக்கொண்டே வரும். இறாலும் வரும். வளராத குஞ்சு மீனும் வரும். மீன் முட்டையிடும் பாசியும் புல்லும் வரும்.

பாக் கடலோ ஆழம் இல்லாத கடல். அங்கே மடி இழுத்தால், அடி முழுவதையும் உழுது எடுத்ததுபோல் ஆகிவிடும். ஆண்டுக்கணக்காக உழுதால் அடுத்த ஆண்டு மீன் எங்கிருந்து வரும்?

இலங்கைப் போர்க் காலத்தில் வட இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போகப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. அந்தப் பக்கத்துக் கடல் ஆள் இல்லாமல் கிடந்தது. தமிழ்நாட்டு விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009-க்குப் பிறகு யாழ்ப்பாணத்து மீனவர் சிறிய படகையும் கடன் வாங்கிய வலையையும் எடுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பினார். இரவில் வலை விரித்தார். காலையில் போய்ப் பார்த்தால் வலை இல்லை. இழுவை மடி அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது.

அவரும் தமிழர்தான். 2017-ல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தத் தடையைக் கேட்டுப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் வட இலங்கைத் தமிழ் மீனவர்களே.

தறியும் வலையும்

இந்தக் கதை கடலோரத்துக்காரருக்கு மட்டும்தான் புரியும் என்பதில்லை. ஆரணிக்காரருக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பட்டு. குழித்தறியில் உட்கார்ந்து, காலால் மிதித்து, கையால் நாடாவைத் தள்ளி நெய்கிற சேலை அது. ஒரு சேலை முடியப் பல நாள் ஆகும். அதே டிசைனை விசைத்தறியில் மளமளவென்று ஓட்டிக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன ஆகும்? கைத்தறிக்காரர் கூலி விழுந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் 1985-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று அந்தச் சட்டம் ஒதுக்கி வைத்தது. இப்போது அந்தப் பட்டியலில் 11 வகைகள் இருக்கின்றன. அதில் சேலையும் ஒன்று.

கடலிலும் அதே நியாயம்தான். தமிழ்நாட்டுச் சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையோரக் கடல் நாட்டுப் படகுக்கு உரியது. விசைப்படகு அங்கே வரக் கூடாது. ராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று நாள் பிரித்திருக்கிறார்கள். மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காக.

ஆக, பெரிய வலை ஒரு பக்கம், சிறிய வலை ஒரு பக்கம். இந்தச் சண்டை ராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே மட்டும் நடக்கவில்லை. ராமேசுவரத்துக்குள்ளேயே நடக்கிறது.

ராமேசுவரத்தின் துயரம்

அப்படியானால் விசைப்படகுக்காரர்தான் குற்றவாளியா? அப்படிச் சொல்லிவிடுவதும் நியாயம் அல்ல.

2024-ல் மட்டும் இலங்கைக் கடற்படை கைது செய்த இந்திய மீனவர்கள் 500-க்கும் மேற்பட்டவர்கள். படகில் போகும் பலர் கூலிக்குப் போகிறவர்கள். படகும் அவர்களுடையது அல்ல, வலையும் அவர்களுடையது அல்ல. எங்கே போக வேண்டும் என்பதும் அவர்கள் முடிவு அல்ல. ஆனால் சிறையில் கிடப்பவர்கள் அவர்கள்.

படகுச் சொந்தக்காரர் கடனில் மூழ்கியிருக்கிறார். படகு பறிபோனால் திரும்பி வருவது அரிது. ஆனால் வட்டி நிற்காது. விசைத்தறி போட்டவர் தறியை விற்றுவிட்டுக் கடனை அடைக்கலாம். இலங்கைத் துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் படகை யாரிடம் விற்பது?

கடலில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் இழந்தவர்களும் உண்டு. எல்லை தாண்டியது குற்றமாகவே இருக்கட்டும். அதற்குத் தண்டனை உயிரா? இந்தக் கேள்வியை ராமேசுவரத்துத் தாய்மார்கள் கேட்கும்போது யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

பேச்சும் நடந்தது, திட்டமும் வந்தது

இரு பக்கத்து மீனவர்களும் பேசிப் பார்க்காமல் இல்லை. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் பேசினார்கள். 2015 மார்ச்சில் மறுபடியும் சென்னையில் கூடினார்கள். ஆண்டுக்கு 83 நாள் வீதம் மூன்று ஆண்டுகள் அனுமதி கொடுங்கள். அதற்குள் நாங்கள் வேறு தொழிலுக்கு மாறிவிடுகிறோம் என்று தமிழ்நாட்டு மீனவர்கள் கேட்டார்கள். இலங்கைப் பக்கம் இதற்குச் சம்மதிக்கவில்லை. இழுவை மடியை முதலில் நிறுத்துங்கள் என்றார்கள்.

2016 நவம்பரில் இரு நாட்டு சர்க்கார்களும் டெல்லியில் பேசின. இழுவை மடியை விரைவில் ஒழிக்க வழி காண்பது என்று ஒப்புக்கொண்டன.

2017-ல் ஒரு திட்டம் வந்தது. இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு வாங்கிக்கொள்ளலாம். படகின் விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். மத்திய சர்க்கார் 50 சதவீதம், மாநில சர்க்கார் 20 சதவீதம், பாங்குக் கடன் 20 சதவீதம், மீனவர் 10 சதவீதம். மொத்தம் 2 ஆயிரம் படகுகளை மாற்றுவது லட்சியம்.

நல்ல திட்டம். ஆனால் மாறிய படகுகள் மிகச் சிலவே. ஏன்?

மீனவர் 10 சதவீதம் போட்டால் போதும் என்றாலும் அதுவே 8 லட்சம் ரூபாய். அதற்குமேல் 16 லட்சம் ரூபாய் பாங்குக் கடன். பாக் கடலில் மீன் பிடிப்பவர் இரவு போய் மறுநாள் கரைக்கு வந்துவிடுவார். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். அந்தத் தொழில் வேறு, பழக்கம் வேறு, சந்தை வேறு. பட்டு நெய்கிறவரைக் கூப்பிட்டு நாளை முதல் ஜமக்காளம் நெய் என்றால் உடனே நெய்துவிடுவாரா? பழக வேண்டாமா? பழகும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இந்தத் தொல்லை இங்கு மட்டும் உள்ளது அல்ல. இந்தோனேசியாவிலும் இழுவைப் படகுக்காரர்களுக்கும் சிறு மீனவர்களுக்கும் கடலிலேயே மோதல்கள் நடந்தன. 1980-ல் அந்த நாட்டு சர்க்கார் இழுவை வலைக்குத் தடை போட்டது.

ஹாங்காங்கில் வேறு வழியைக் கையாண்டார்கள். தங்கள் கடலில் இழுவை மடிக்கு 2012 டிசம்பர் 31-ந் தேதி முதல் தடை என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். படகுக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். படகை விட்டுக்கொடுக்க விரும்பியவர்களிடமிருந்து சர்க்காரே படகை வாங்கிக்கொண்டது. கூலிக்கு வேலை செய்தவர்களுக்கும் உதவித் தொகை கொடுத்தது.

தடை மட்டும் போட்டால் திருட்டுத்தனமாக ஓடும். பணம் மட்டும் கொடுத்தால் செலவாகிவிடும். தடையும் பணமும் மாற்றுத் தொழிலும் ஒன்றாக வந்தால்தான் பலன் உண்டு. ஹாங்காங் காட்டும் பாடம் இது.

என்ன செய்யலாம்?

கச்சத்தீவு வழக்கு நடக்கட்டும். தமிழ்நாட்டின் உரிமைக் கோரிக்கைக்குச் சரித்திர ஆதாரம் இருக்கிறது. கோர்ட்டு ஒரு முடிவு சொல்லட்டும். அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வழக்கு முடியும்வரை மீனவர் வயிறு காத்திருக்காது. தீவை வென்றாலும், மடியை நிறுத்தாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அங்கே மீன் இருக்காது. தீவை வெல்லாவிட்டாலும், மடியை நிறுத்திக் கடலைத் தேற்றினால் இந்தியப் பக்கத்திலேயே இறால் மறுபடியும் வரும். மீன் இந்தப் பக்கம் இருந்தால் கோட்டைத் தாண்ட வேண்டிய அவசியம் என்ன?

ஆகவே முதல் வேலை, படகு மாற்றும் திட்டத்தை மீனவர் தாங்கும்படி திருத்துவது. கடன் சுமையைக் குறைக்க வேண்டும். பழகும் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கூலி மீனவரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிடிபடுகிறவர்கள் விஷயத்தில் இலங்கை இரக்கம் காட்ட வேண்டும். கூலி மீனவரைச் சிறையில் போடுவதால் யாழ்ப்பாணத்து வலைக்கு நஷ்டஈடு கிடைத்துவிடாது.

மூன்றாவது, இரு பக்கத்து மீனவர்களும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்லியிலும் கொழும்பிலும் அதிகாரிகள் பேசுவது வேறு. வலையை இழந்தவரும் படகை இழந்தவரும் நேருக்கு நேர் பேசுவது வேறு.

அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை இருவரும் ஒரே மணலில் படுத்து எழுகிறார்கள். ஒரே ஆலயத்தில் முழங்கால் போடுகிறார்கள். அந்த ஓர் இரவில், இரு கரை மீனவத் தலைவர்களும் தேர் பவனி முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதாதா?

சனிக்கிழமை காலையில் திருப்பலி முடிந்து படகுகள் புறப்படும்போது, கரையில் நிற்பவர்கள் கை அசைப்பார்கள். “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று சொல்லி அனுப்புவார்கள். படகு மேற்கே திரும்பும். ஒரு மைல் போனதும் அந்தக் கோடு வரும். படகில் உள்ள குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர்தான் தெரியும். கோடு எதுவும் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை அதே படகு, ஆட்களை இறக்கிவிட்டு, வலையை ஏற்றிக்கொண்டு, அதே கோட்டை நோக்கிப் போகும். அப்போது எந்த வலையை ஏற்றுகிறது என்பதில்தான் இரு கரைக் குடும்பங்களின் சோறும் இருக்கிறது.